சிவப்புக் கொக்கி

கதவை மெதுவா சாத்துங்க தம்பி. அடிச்சுச் சாத்த வேண்டாம். விரலால தள்ளுனாப் போதும், மிச்சத்தை அதுவே இழுத்துக்கும். ஆங், பாத்தீங்களா? சத்தமே இல்ல. நீங்க இதுக்கு முன்னாடி பாத்த வண்டியில இது இருந்துச்சா? இருக்காது.

சுத்திப் பாருங்க, நல்லாப் பாருங்க. வெள்ளை கலரு, கருப்பு வீலு, மேல வரிசையா லைட்டு. சாயந்தரம் அந்த லைட்டைப் போட்டுக்கிட்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒரு சுத்து சுத்துனா, டீக்கடைல உக்காந்திருக்கவன் கிளாசைக் கீழ வச்சுட்டுப் பாப்பான். நமக்கு டைல்ஸ் கடை. தொழிலே பார்வைதான் தம்பி. ஒரு தரை உழைக்குமா உழைக்காதான்னு எவனும் முட்டி போட்டுத் தட்டிப் பாக்குறதில்ல. பளபளன்னு இருக்கா, பில்லைப் போடுங்கம்பான்.

என்ன கேட்டீங்க? வாங்கி வருஷங்கூட முழுசா ஆகலையே, ஏன் விக்கிறீங்கன்னா?

டீக்கடைல விசாரிச்சுட்டுத்தான வந்தீங்க? இல்லைங்காதீங்க. வாசல்ல நின்னு வண்டிய பாக்குறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய பாத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. என்ன சொன்னான் அவன்? தண்டபாணியா, மச்சினன் கண்ணைக் கெடுத்தவனாச்சேன்னு என்னைச் சொன்னானா? சொல்லிருப்பான். ஊரே அதத்தான் சொல்லுது. நடந்தது என்னான்னு நான் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்குன்னு.

என் சம்சாரம் கோகிலாவுக்கு ஊரு மலைல. தாண்டிக்குடிக்கு அங்கிட்டு. அவ தம்பி கதிரேசன் அங்க ஜீப் வச்சிருந்தான். வச்சிருந்தான் என்ன, இப்பவும் இருக்கு. மலைவாழை, காப்பி மூட்டை, மிளகு மூட்டை, நடக்க முடியாத ஆளுக, எல்லாத்தையும் அதுலதான் ஏத்துவான். அந்த ஜீப்பை நீங்க பாக்கணுமே! கதவு கிடையாது. சீட்டுல சாக்கு தச்சுப் போட்டிருப்பான். பின்னாடி தார்ப்பாய். என்ன கலருன்னு கேட்டா அவனுக்கே சொல்லத் தெரியாது. அதுக்குள்ள ஏறி இறங்குனா என் வேட்டி நாலு நாளைக்கு ஆகாது.

வருஷா வருஷம் வைகாசில அவங்க குலசாமிக்குப் பொங்கல். ஓடைக் கருப்பு. ஓடையத் தாண்டி காட்டுக்குள்ள இருக்காரு. அங்க ஒரு வழக்கம் உண்டு தம்பி. கோயிலுக்கு எந்த வண்டி முதல்ல போய் நிக்குதோ, அந்த வண்டிக்குத்தான் சாமி கழுத்து மாலையக் கழட்டிப் போடுவாங்க. மத்த வண்டிக்கெல்லாம் திருநீறு மட்டுந்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேன், அந்த மாலை இந்த ஓட்டை ஜீப்புக்குத்தான். வீட்டு மாப்பிள்ளை நான் பின்னாடி மூட்டையோட மூட்டையா உக்காந்து போவேன். கூட்டம் அவனுக்குக் கைதட்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

போன வருஷந்தான் இதை எடுத்தேன். எடுத்த கையோட மதுரைக்குக் கொண்டு போயி ஒரு கடைல விட்டேன். கம்பெனிக்காரன் கொடுத்த முன்பக்கத்தைப் பாத்தீங்கன்னா சப்பையா இருக்கும், ஸ்கூல் வேன் கணக்கா. அதைக் கழட்டிப் போட்டுட்டு இந்தப் பெரிய பம்பரு. பக்கவாட்டுல ஏறுறதுக்குப் படி. பெரிய வீலு, மெல்லிசான டயரு. இந்தா, கண்ணாடி ஓரமா குழாய் மாதிரி மேல ஏறுதுல்ல, இதெல்லாம் தண்ணிக்குள்ள போற வண்டில இஞ்சின் காத்து இழுக்குறதுக்கு இருக்குறது. அப்புறம் முன்னாடி ரெண்டு கொக்கி, ரத்தச் சிவப்புல. வெள்ளை வண்டில சிவப்புக் கொக்கி! அந்தக் கடைக்காரன் மாட்டி முடிச்சுட்டு ஒரு அடி தள்ளி நின்னு பாத்தான். அண்ணே, புலி நிக்கிற மாதிரி நிக்குதுண்ணேன்னான்.

கதிரேசன் வந்து பாத்தான். சுத்திச் சுத்தி வந்தான். குனிஞ்சு அடில பாத்தான். அப்புறம் எந்திரிச்சு, "மச்சான், வண்டி நல்ல வண்டிதான். ஆனா நல்லதையெல்லாம் நீங்க மூடி வச்சுட்டீங்களே. இந்தப் படி இம்புட்டுக் கீழ தொங்குது, கல்லுல உக்காந்துரும். இந்தக் குழாய் உள்ள எங்கயும் போற மாதிரித் தெரியல"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. புது வண்டிய பாக்க வந்தவன் பேசுற பேச்சா அது? "ஏன் மாப்ள, வயித்தெரிச்சலா?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், திருப்பிப் பேச மாட்டான். அதுவே ஒரு திமிரு.

இதுல ஒரு திருகு இருக்கு பாருங்க, சீட்டுக்கு நடுவுல. திருப்புங்க. ஸ்கிரீன்ல என்ன வருது? மணலு. இன்னொரு தடவை. சேறு. இன்னொண்ணு, பாறை. கம்பெனிக்காரன் பொய்யா எழுதிருப்பான்? அம்புட்டுப் படிச்சவன் உக்காந்து செஞ்சிருக்கான். கதிரேசன் ஜீப்புல என்ன இருக்கு? ஒரு கியர் கம்பி இருக்கு, அதுக்கு முனைல குமிழு கூட கிடையாது, துணி சுத்தி வச்சிருப்பான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். அந்த வைகாசில மாலை நமக்குன்னு முடிவு பண்ணிட்டேன். என் வண்டில நானு, கோகிலா, என் மாமியா. மாமியாளுக்கு முட்டிவலி, ஏசில சொகுசா வரட்டும்னு நான்தான் ஏத்திக்கிட்டேன். கதிரேசன் ஜீப்புல பொங்கல் சாமானும் சொந்தக்காரங்களும். மேல மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்குத் தூத்தல்தான், மலை உச்சில மேகம் கருகருன்னு நின்னுச்சு.

கதிரேசன் கிளம்புறப்ப வந்து சொன்னான். "மச்சான், ஓடைல நேரா இறங்காதீங்க. மேல்பக்கமா ஏறி, வளைஞ்சு வரணும். என் பின்னாடியே வாங்க." பின்னாடியே வாங்கன்னா என்ன அர்த்தம்? மாலை அவனுக்குன்னு அர்த்தம். வழில ஒரு கிழவிய ஏத்துறதுக்கு அவன் நிறுத்துனான். நான் தாண்டிப் போயிட்டேன்.

ஓடைக்கு வந்தா, அப்படி ஒண்ணும் தண்ணி இல்ல. கெண்டைக்கால் அளவு. கோகிலாவ இறக்கி, கைல போனைக் கொடுத்து, கல்லைத் தாண்டி அக்கரைல போய் நின்னு வீடியோ எடுன்னேன். தண்ணிய ரெண்டு பக்கமும் வாரி இறைச்சுக்கிட்டு வண்டி வரணும், அது வீடியோல விழணும். அவ, "தம்பி வரட்டுங்க"ன்னா. "எடுடீ"ன்னேன். திருகைப் பாறைக்கு வச்சேன். நேரா இறக்குனேன்.

பாதி ஓடை வரைக்கும் ராஜா மாதிரிப் போச்சு தம்பி. அப்புறம் டங்குன்னு ஒரு சத்தம். இந்தப் படிதான், ஒரு பாறை மேல போய் உக்காந்துக்கிச்சு. வீலு சுத்துது, வண்டி நகரல. அந்தப் பாறை அங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது போர்டு வச்சிருக்கானா?

அதுக்குள்ள கதிரேசன் வந்துட்டான். அவன் மேல்பக்கமா வளைஞ்சு, அந்த ஓட்டை ஜீப்பை நோகாம அக்கரைல ஏத்தி, எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, பின்னோக்கி என் வண்டி முன்னாடி கொண்டாந்து நிறுத்துனான். தண்ணி அப்ப முழங்காலுக்கு வந்துருச்சு. கலரும் மாறிருச்சு, செம்மண் தண்ணி. மேல எங்கயோ கொட்டுறது இங்க வருது. மாமியா பின்சீட்டுல, "சாமி, சாமி"ன்னு ஆரம்பிச்சுட்டா. இறக்கி நடத்த முடியாது, இழுப்புல நிக்க மாட்டா.

கதிரேசன் தண்ணிக்குள்ள மண்டி போட்டு வண்டிக்கு அடில கைய விட்டுத் துழாவுறான். "மச்சான், கம்பெனி கொக்கி உள்ள இருக்கும். இந்தப் பம்பருக்கு அடித்தகடைக் கழட்டுனா எட்டும். ஜீப்புல ஸ்பேனர் இருக்கு"ங்குறான். தண்ணி ஏறுது, இவன் பம்பரைக் கழட்டணுங்குறான்! அதுவும் அவன் கழட்டுனா எப்படிக் கழட்டுவான்னு எனக்குத் தெரியாதா? ஒரே கீறலா ஆக்கிருவான். "இந்தா கண்ணு முன்னாடி ரெண்டு கொக்கி இருக்குல்ல மாப்ள, இதுல மாட்டு"ன்னேன்.

அவன் அந்தக் கொக்கியப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுனான். என்னைப் பாத்தான். "இது தாங்குமா மச்சான்? எதுல போல்ட் போட்டிருக்கான்?"

நான் என்ன சொல்றது? அந்தக் கடைக்காரன் மாட்டுறப்ப நான் பக்கத்துல நின்னேனா? டீ குடிக்கப் போயிருந்தேன். "ஸ்பெஷலா சொல்லி மாட்டுனது, யானைய இழுக்கும்"ன்னேன். பின்ன? அத்தனை பேரு அக்கரைல நின்னு பாக்குறான். மாலை போயிருச்சு, மானமும் போகணுமா?

அவன் அவங்க அம்மாவ ஒரு தடவை பாத்தான், கண்ணாடி வழியா. அப்புறம் வண்டி இழுக்குற பட்டையக் கொண்டாந்து கொக்கிக்கும் ஜீப்புக்கும் மாட்டிட்டான். மாட்டிட்டு ஒரு சாக்கை ஓடைல முக்கி, தண்ணி சொட்டச் சொட்ட அந்தப் பட்டைக்கு நடுவுல போட்டான். அது மலைக்காரங்க பழக்கமாம். பட்டையோ கொக்கியோ பிச்சுக்கிட்டா மேல பறக்காம ஈரச்சாக்கு கீழ அமுக்கிருமாம். போட்டுட்டு, "மச்சான், இழுக்குறப்ப ஹாரன் அடிக்காதீங்க. இங்க ஹாரன் அடிச்சா ஆபத்து, திரும்பிப் பாருன்னு அர்த்தம்"னு சொல்லிட்டு ஜீப்புக்குப் போனான்.

அந்தச் சாக்கை நான்தான் எடுத்துப் போட்டேன். ஆமா. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? கோகிலா வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கா. வெள்ளை வண்டி, முன்னாடி ஒரு அழுக்குச் சாக்கு தொங்குது. பாக்குறவன் என்ன நினைப்பான்? எடுத்து ஓடைல விட்டுட்டு ஏறி உக்காந்துட்டேன். கோகிலா அங்கேர்ந்து என்னமோ கத்துனா. தண்ணிச் சத்தத்துல என்ன கேக்குது?

முதல் இழுப்புக்கு வண்டி அசையல. தண்ணி கதவுக்கு அடியில வந்துருச்சு. மாமியா அழுகுறா. என் காலுக்குக் கீழ மிதியடி நனையுது. ரெண்டாவது இழுப்புக்கு அவன் ஜீப்பு உறுமுது பாருங்க, புகை என்னா புகை! வண்டி ஒரு சாணு நகந்துச்சு. நகந்து, இந்தப் பக்கத்துப் பாறைல பம்பர் உரசுது. கர்ருன்னு. தம்பி, அந்தச் சத்தம் எனக்குப் பல்லுக்குள்ள கேட்டுச்சு. பொறுக்க முடியல. ஹாரனை அடிச்சேன். "மாப்ள! பம்பர்! பம்பர் உரசுது!"

அவன் திரும்பிப் பாத்தான்.

அப்பத்தான் அந்தக் கொக்கி பிச்சுக்கிட்டுப் போச்சு. எனக்குத் தெரிஞ்சது சிவப்பா ஒண்ணு, அவ்வளவுதான். அது நேரா ஜீப்புக்குள்ள போச்சு. அதுதான் பின்னாடி கதவே இல்லாத ஜீப்பாச்சே, தார்ப்பாயையும் சுருட்டிக் கட்டிருந்தான்! கண்ணாடி இருந்தா கண்ணாடியோட போயிருக்கும். அவன் முகத்தைப் பொத்திக்கிட்டு ஸ்டியரிங் மேல சாஞ்சான். விரலுக்கு நடுவுல ரத்தம் வருது. சாஞ்சவன், ஜீப்பு பின்னாடி உருண்டு வந்து எங்க மேல இடிச்சுறாம பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே இருந்தான். அதைச் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது.

ஹாரன் அடிச்சது தப்புங்குறாங்க. சரி, அடிச்சேன். ஓட்டுறவன் முன்னாடி பாக்கணுமா பின்னாடி பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

கோகிலா போனைப் போட்டுட்டு ஓடியாந்தா. அவனைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிட்டு, சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, அந்த ஜீப்புல ஏறி உக்காந்தா. உக்காந்து, ஓட்டிக்கிட்டுப் போயிட்டா தம்பி! அந்தத் தண்ணில, மேல்பக்கமா வளைஞ்சு, இக்கரை ஏறி, மலை இறங்கி, வத்தலக்குண்டு வரைக்கும். வண்டி ஓட்டத் தெரியும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல, அதை விடுங்க. இந்த வண்டி ஸ்டியரிங்கைத் துடைக்கக்கூட அவளை விட்டதில்ல நான். கோயில்லேர்ந்து ஓடியாந்த ஆளுக என் மாமியாளத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. நான் அங்கயே இருந்தேன். வண்டிய ஓடைல விட்டுட்டு எப்படிப் போறது? அந்த வருஷம் எந்த வண்டிக்கும் மாலை போடல.

தண்ணி வடிஞ்சப்புறம் அந்த ஊர்க்காரங்க பம்பரைக் கழட்டுனாங்க. உள்ள கம்பெனி கொக்கி இருந்துச்சு. கருப்பா, குட்டையா, வண்டியோட அடிச்சட்டத்துல சேத்து வெல்டிங் வச்சது. அதுல மாட்டி ஒரே இழுப்பு, வந்துருச்சு. வண்டி ஸ்ட்ராங்கான வண்டிதான், அதுக்குத்தான் சொல்றேன். ஆனா அந்தக் கொக்கி பாக்க நல்லாருக்காது.

கதிரேசனுக்கு வலது கண்ணு போயிருச்சு. டாக்டருங்க எவ்வளவோ பாத்தாங்க. ஒத்தைக் கண்ணுல பள்ளம் எது, மேடு எதுன்னு தூரம் பிடிபட மாட்டேங்குதாம், மலைல ஓட்ட முடியாதுன்னுட்டாங்க. எனக்கு வருத்தமில்லையா? இருக்கு தம்பி. மனுசன் தான நானும். ஆஸ்பத்திரில அவனைப் பாக்கப் போனேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். "அம்மா நல்லாருக்கா மச்சான்? வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டான். அதுல என்ன குத்தல் இருக்குன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், கண்டுபிடிக்க முடியல.

கோகிலா அன்னைலேர்ந்து அங்கதான் இருக்கா. இப்ப ஜீப்பை அவதான் ஓட்டுறா. வாழைத்தார் ஏத்திக்கிட்டு மலை இறங்குறா, அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் போறான். தண்டபாணி பொண்டாட்டி லோடு அடிக்கிறாளாம்னு எனக்குக் கடைக்கே வந்து சொல்றான் ஒருத்தன். வீட்டுல நான் ஒத்தை ஆளு. ராத்திரி சோத்தைப் போட்டுட்டு எதிர்ல பாத்தா சுவருதான் இருக்கு. நல்ல டைல்ஸ் ஒட்டுன சுவரு. அதைப் பாத்துக்கிட்டே எத்தனை நாளைக்குத் திங்குறது? அவ இல்லாம முடியல தம்பி, வெளிய சொல்லிக்கிறதில்ல.

வாசல்ல இந்த வண்டி நிக்கிற வரைக்கும் வர மாட்டேங்குறா. வித்துட்டு வாங்கங்குறா. சரின்னு ஒத்துக்கிட்டேன். அதோட விட்டாளா? வாங்குறவர்கிட்ட எது எது பொம்மைன்னு வாயால சொல்லிட்டு வில்லுங்கங்குறா. அந்தக் குழாய், அந்தக் கொக்கி எல்லாத்தையும். எவனாவது விக்கிற மாட்டுல கெட்ட சுழி இருக்குன்னு காட்டிக் கொடுப்பானா? அதான் பம்பரையும் கொக்கியையும் புதுசாவே மாட்டி வச்சிருக்கேன். அதே கடைதான். இந்த தடவை நல்லா டைட்டா போடுன்னு சொல்லிட்டேன். போதாதா?

நீங்க சிறுமலைல தோட்டம்னு சொன்னீங்கள்ல? நல்லாப் போகும். குடும்பத்தோட போங்க. சின்னக் குழந்தையா? பின்சீட்டுல படுக்க வச்சா ஆடாம தூங்கும்.

பொறுங்க, போன் வருது. அவதான்.

சொல்லு கோகிலா. ஆமா, வந்துருக்காரு. பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. பிடிச்சிருக்காம். சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்டீ, ஓடை, சாக்கு, ஹாரன் எல்லாத்தையும்... கொக்கியா? அதையும்தான். சொல்லிட்டேன்னு சொல்றேன்ல? நீ பையைக் கட்டு, நாளைக்கு வந்து கூட்டிட்டு...

தம்பி! தம்பி, என்ன பண்றீங்க? அந்தக் கொக்கில கால வைக்காதீங்க. ஏறி நின்னு பாக்க வேண்டாம். எடுங்க கால! அட எடுங்கன்னா! அது உங்க பாரம் தாங்காது. பிளாஸ்டிக்குல திருகி விட்டிருக்கு தம்பி, அது சும்மா அழகுக்கு.

கோகிலா? லைன்ல இருக்கியா? கோகிலா?